நிலுவையில் ஒரு கஷ்டம்

பல்கலைக்கழகத்தை ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு மூடினார்கள். பதினொன்றே காலுக்கு முதல் சுற்றறிக்கை வந்தது. அடுத்த எட்டு மாதத்தில் மொத்தம் இருநூற்றுப் பதினாறு சுற்றறிக்கைகள் வந்தன. நோய் பரவிய வேகத்தைக் கணக்கெடுத்தவர்கள் இதையும் சேர்த்தே எடுத்திருக்கலாம். நோய்க்காவது பிறகு தடுப்பூசி வந்தது.

இந்தக் கதையில் வரும் பெண் அங்கே புள்ளியியல் இறுதியாண்டு படித்தாள். வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் 'தசமம்'. எதைக் கேட்டாலும் அவளுக்கு முழு எண்ணில் பதில் சொல்ல வராது. பஸ் எப்போது வரும் என்றால் ஏழரை நிமிஷம் என்பாள். சாப்பாடு எப்படி என்று அம்மா கேட்டால் பத்துக்கு எட்டே கால் என்பாள். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். பள்ளிக்கூடங்களும் மூடிவிட்டதால் வேன் வீட்டு வாசலில் நின்றது. அதன் மாதத் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வீட்டில் முகக்கவசம் தைத்தாள். ஒரு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீட்டில் தையல் மெஷின் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்தான் ஓயும்.

தசமத்துக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை உறுதியாகியிருந்தது. எல்லாம் மூடுவதற்கு முன்பே வளாகத்துக்கு வந்து ஆளெடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. நவம்பர் முப்பதாம் தேதிக்குள் இறுதி மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அந்தச் சம்பளம் வந்தால் தவணை கட்டலாம், வேன் மிஞ்சும். வராவிட்டால் வேன் போகும். வீட்டில் மூன்று பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. நாள்காட்டியில் முப்பதாம் தேதியைச் சுற்றி யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

முதல் அடி கட்டண ரூபத்தில் வந்தது. விடுதிக் கட்டணம், நூலகக் கட்டணம், மைதானப் பராமரிப்பு, இத்துடன் 'நேரில் வராமல் படிப்பதற்கான சிறப்புக் கட்டணம்'. ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நம்பி அவள் கட்டணப் பிரிவுக்குப் போன் செய்தாள். நாற்பத்து மூன்றாவது முறை எழுத்தர் எடுத்தார்.

"விடுதியைத்தான் மூடிட்டீங்களே சார், அதுக்கு எதுக்குக் கட்டணம்?"

"சும்மா மூட முடியுமாம்மா? பூட்டு வாங்கணும். பூட்டைப் பாத்துக்க ஒரு ஆள். அந்த ஆளைப் பாத்துக்க ஒரு கண்காணிப்பாளர். நீங்கல்லாம் இருந்தப்பகூட இவ்வளவு செலவு இல்ல."

"மைதானப் பராமரிப்புன்னு போட்டிருக்கே?"

"புல்லு ஊரடங்கை மதிக்குதா? அது பாட்டுக்கு வளருது."

நிவாரணச் சலுகை என்று ஒன்று இருப்பதாகவும் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்றும் அவரே சொன்னார். விண்ணப்பித்தாள். சொந்தமாக நான்கு சக்கர வாகனம் உள்ள குடும்பம் என்று மறுநாளே நிராகரித்தார்கள். மறுபடியும் போன் செய்தாள்.

"அந்த வேன் ஓடவே இல்ல சார்."

"ஓடணும்னு விதியில இல்லம்மா. சக்கரம் எத்தனை?"

"நாலு."

"அப்ப சரியாத்தானே போட்டிருக்கோம்" என்று வைத்துவிட்டார்.

அடுத்ததாகப் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்கள் மீது அக்கறை பிறந்தது. மற்ற எதையும் தாங்கிக்கொள்ளலாம், இதைத்தான் தாங்க முடியாது. 'பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்தம் பொருளாதாரம், படிப்பு, மனநலம்: ஒரு மாபெரும் ஆய்வு' என்ற தலைப்பில் செல்போனில் ஒரு படிவம் வந்தது. கேள்வி ஒன்றுதான்: நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? பதிலுக்கு ஐந்து வட்ட முகங்கள். முதல் முகம் வாயெல்லாம் பல்லாக இருந்தது. ஐந்தாவது முகத்தில் கண்ணீர் வழிந்தது. தசமம் நன்றாக யோசித்து, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இல்லாததால் நான்காவது முகத்தைத் தொட்டாள். 'கஷ்டமாக இருக்கிறது.'

உடனே திரையில் எழுத்து வந்தது. 'உங்கள் கஷ்டத்துக்கான ஆதாரத்தைப் பதிவேற்றவும். கோப்பு இருநூறு கேபிக்கு மிகக்கூடாது.'

இத்தனை மாதக் கஷ்டத்தை இருநூறு கேபிக்குள் எப்படிச் சுருக்குவது என்று தெரியாமல் அவள் வாசலில் கதவு திறந்து நின்ற வேனைப் படமெடுத்து அனுப்பினாள். பதில் வந்தது: 'நிராகரிக்கப்பட்டது. காரணம்: படத்தில் உள்ளவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.' படத்தில் யாருமே இல்லையே என்று அவள் குழம்பினாள். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. கஷ்டம் என்று சொன்னவர்கள் எல்லாரும் மறுநாள் காலை பத்து மணிக்கு இணையத்தில் ஆற்றுப்படுத்தும் கூட்டத்தில் கலந்துகொள்ள வேண்டும், வராவிட்டால் வருகைப்பதிவில் கழிக்கப்படும் என்று அடுத்த சுற்றறிக்கை வந்துவிட்டது.

கூட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மனநலப் பிரிவு இயக்குநர் அம்மையார் பூஞ்சாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மனசுவிட்டுப் பேசணும். அதுதான் முதல் மருந்து. உள்ளயே வச்சுக்கிட்டா அது வியாதியாயிடும்" என்று ஆரம்பித்தவர், பக்கத்தில் திரும்பி, "எல்லார் மைக்கையும் ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டார். "நான் உங்கள்ல ஒருத்தி. நானும் கஷ்டப்பட்டிருக்கேன். போன மாசம் எங்க வீட்டு ஏசி ரெண்டு நாள் வேலை செய்யல. அழுதேனா? மாடியில போய்ப் படுத்தேன். மாடி இருக்கில்ல எல்லார் வீட்டுலயும்? அதைப் பயன்படுத்துங்க. பணம் இல்லன்னு சில பேர் எழுதியிருக்கீங்க. பணத்தைப் பத்தி நினைக்கிறதாலதான் அந்தக் கவலையே வருது."

ஒரு மாணவன் எழுத்தில் 'கட்டணத்தைக் குறைக்க முடியுமா மேடம்?' என்று கேட்டான். அவனைக் கூட்டத்திலிருந்து நீக்கிவிட்டு, அனைவரும் கண்ணை மூடி ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ளுமாறு சொன்னார்கள். தசமத்தின் டேட்டா தீர்ந்து கடற்கரை பாதியிலேயே நின்றுபோனது.

வகுப்புகளை அவள் வேனுக்குள் உட்கார்ந்துதான் கேட்டாள். வீட்டுக்குள் தையல் மெஷின் சத்தத்தில் பேராசிரியர் சொல்வது விழாது. வேனின் இருக்கைகள் ஆறு வயதுக் குழந்தைகளுக்கானவை. முழங்கால் முகவாயில் இடிக்கும். போனை முன்சீட்டின் முதுகில் கட்டி, மடியில் நோட்டை வைத்துக்கொண்டால் மூன்று மணி நேரம் சமாளிக்கலாம். ஜன்னல்களுக்கு மேலே வரிசையாக ஏழு பெரிய ஸ்டிக்கர்கள். கரடி, முயல், யானை, சிங்கம், குரங்கு, தவளை, வாத்து. எல்லாம் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும், வாத்து உட்பட. காலையில் அழுதுகொண்டே ஏறும் குழந்தைகளுக்காக அப்பா ஒட்டியது.

இறுதித் தேர்வு அறிவித்தார்கள். விதிகள் நாற்பத்தொன்று. தேர்வர் தனியறையில் இருக்க வேண்டும். சத்தம் கூடாது. கேமரா மூன்று மணி நேரமும் பார்க்கும். பல்கலைக்கழகம் பெருந்தொகை கொடுத்து வாங்கிய மென்பொருள் அந்தப் படத்தைப் பரிசோதிக்கும். அம்மா மெஷினை நிறுத்துகிறேன் என்றாள். மூன்று மணி நேரம் என்றால் முப்பத்தேழரை முகக்கவசம் என்று கணக்குச் சொல்லிவிட்டுத் தசமம் வேனில் ஏறிக்கொண்டாள். அப்பா தெருமுனையில் நின்று, ஹாரன் அடிக்க வந்தவர்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார். ஐந்து தேர்வும் நன்றாகவே எழுதினாள்.

ஒரு வாரம் கழித்து விசாரணைக் கடிதம் வந்தது. 'தங்கள் தேர்வறையில் அடையாளம் தெரியாத ஏழு நபர்கள் இருந்தது மென்பொருளால் கண்டறியப்பட்டுள்ளது. அவர்கள் ஐந்து தேர்வுகளிலும், மூன்று மணி நேரமும், இமைக்காமல் தங்களையே பார்த்துக்கொண்டிருந்தனர். ஏழாவது நபருக்கு மூக்கு அலகு போன்றிருந்தது.'

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தேர்வு அதிகாரி தலைவர். ஓய்வுபெற்ற சட்டப் பேராசிரியர் ஒருவர். மூன்றாவதாக, மனநலப் பிரிவு இயக்குநர் அம்மையார், மனிதாபிமானத்துக்காக. தசமம் வேனில் உட்கார்ந்து போனைத் திருப்பி ஒவ்வொரு ஸ்டிக்கராகக் காட்டினாள்.

"சார், இது வெறும் ஸ்டிக்கர். இது கரடி."

"கரடின்னு நீங்க சொல்றீங்க" என்றார் தேர்வு அதிகாரி. "மென்பொருள் நபர்னு சொல்லுது. மென்பொருளை டெண்டர் விட்டு வாங்கியிருக்கோம். உங்களை டெண்டர் விட்டா வாங்கினோம்?"

"நேர்ல வந்து பாத்தா தெரிஞ்சிடும் சார்."

"தொத்து நேரத்துல ஏழு பேர் அடைஞ்சு கிடக்கிற வண்டிக்குள்ள எங்களை வரச் சொல்றீங்களா? ஒருத்தர்கூட முகக்கவசம் போடல. அதையும் எழுதிக்குங்க."

"கேள்வி கேட்டா பதில் சொல்வாங்களா?" என்று சட்டப் பேராசிரியர் கேட்டார்.

"எப்படி சார் சொல்லும்? படம் சார் அது."

"மௌனம் சாதிக்கிறாங்க" என்று அவர் குறித்துக்கொண்டார்.

வேனுக்கு வெளியே நின்ற அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஐயா, நான்தாங்க ஒட்டினேன். சின்னப் பசங்க அழாம ஏறணும்னு ஒட்டினது. பாப்பாவுக்கு இதுல சம்பந்தமே இல்லீங்க" என்றார்.

"எட்டாவது நபர்" என்றார் தேர்வு அதிகாரி. அப்பா தலையை இழுத்துக்கொண்டார்.

மென்பொருளின் அறிக்கையைத் திருத்த விதியில் இடமில்லை. அறிக்கையை ஏற்றால் முறைகேடு. மூன்று ஆண்டு தேர்வெழுதத் தடை. முப்பதாம் தேதிக்குள் பட்டியல் வராவிட்டால் வேலை போய்விடும் சார், எங்க வீட்டில் வேறு நிரந்தர வருமானம் இல்லை சார் என்று அவள் சொன்னபோது குரல் உடைந்தது. இயக்குநர் அம்மையார் கடற்கரையை நினைத்துக்கொள்ளச் சொன்னார்.

வழி கண்டுபிடித்தவர் சட்டப் பேராசிரியர். முப்பது வருட அனுபவம் அவருக்கு.

"வெளியாள் இருந்தா முறைகேடு. சக மாணவர் இருந்தா? எட்டு மாணவர் ஒரே இடத்துல உக்காந்து பரீட்சை எழுதினா அதுக்குப் பேரு தேர்வு மையம். மென்பொருளைத் திருத்த முடியாது. மாணவர் பட்டியலைத் திருத்தலாமே."

தேர்வு அதிகாரியின் முகம் தெளிந்தது. நிவாரணச் சலுகையில் ஏழு இடம் எடுப்பாரில்லாமல் கிடப்பதும், ஆண்டு முடிவதற்குள் அந்தப் பணத்தைச் செலவு காட்ட வேண்டியிருப்பதும் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஏழு பேருக்கும் வருமானம் இல்லை. சொத்து இல்லை. எவர் பெயரிலும் நான்கு சக்கர வாகனம் இல்லை. இவ்வளவு கச்சிதமாக விதிக்குப் பொருந்திய விண்ணப்பதாரர்களை அவர் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லையாம்.

இப்படியாக ஏழு பேருக்கும் தசமமே சேர்க்கைப் படிவம் நிரப்பினாள். முகவரி என்ற இடத்தில் 'இடதுபக்கம் மூன்றாவது ஜன்னல்' என்று எழுதினாள். முன்பு படித்த பள்ளி என்ற இடத்தில், அந்தப் பள்ளி வாசலுக்கு எத்தனையோ வருஷம் போய்வந்தவைதானே என்று வேனில் எழுதியிருந்த பெயரையே போட்டாள். காப்பாளர் கையெழுத்தை அப்பா ஏழு முறை போட்டார்.

"ஒருத்தி ஃபீஸையே என்னால கட்ட முடியல. இப்ப எட்டாயிடுச்சு" என்றார்.

"அவங்களுக்கு ஃபீஸ் இல்லப்பா. எனக்கு மட்டும்தான்."

முடிவுகள் நவம்பர் இருபதாம் தேதி வந்தன. தொழில்நுட்பக் கோளாறால் விடைத்தாள் வந்து சேராத மாணவர்களுக்கு அந்தந்தத் தேர்வு மையத்தின் சராசரி மதிப்பெண் வழங்கப்படும் என்பது விதி. வேன் மையத்திலிருந்து வந்து சேர்ந்தது ஒரே ஒருத்தியின் விடைத்தாள். அந்த ஒருத்தியின் மதிப்பெண் எண்பத்தொன்று புள்ளி ஐந்து. கரடிக்கு எண்பத்தொன்று புள்ளி ஐந்து. முயலுக்கு எண்பத்தொன்று புள்ளி ஐந்து. யானை, சிங்கம், குரங்கு, தவளை, வாத்து எல்லாருக்கும் அதேதான், முதல் வகுப்பு. தசமத்தின் பெயருக்கு நேராக மட்டும் 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. காரணம்: விடுதி மற்றும் மைதானக் கட்டண பாக்கி' என்று இருந்தது.

அவள் அழவில்லை. ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வராது. போனைக் கீழே வைத்துவிட்டு, அம்மா தைத்துப் போட்ட முகக்கவசங்களை மளமளவென்று அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினாள். அம்மா மெஷினை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

இரண்டு நாளில் வேனை ஒரு காய்கறி வியாபாரிக்குப் பேசி முடித்தார். தவணை பாக்கி போகக் கையில் வந்தது கட்டணத்துக்குச் சரியாக இருந்தது. வண்டியைக் காப்பாற்றத்தான் வேலை. இப்போது வேலையைக் காப்பாற்ற வண்டி. "வேலைக்குப் போனா வேற வண்டி வாங்கிக்கலாம் பாப்பா" என்றார். வியாபாரி கேட்டது ஒன்றே ஒன்று. அந்தப் பொம்மைகளையெல்லாம் சுரண்டிவிட்டு முப்பதாம் தேதி வண்டியைக் கொடுக்க வேண்டும்.

இருபத்தெட்டாம் தேதி தசமம் பணத்தை எடுத்துக்கொண்டு நேரிலேயே பல்கலைக்கழகம் போனாள். நடக்க ஆளில்லாமல் மைதானத்துப் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. எழுத்தர் கண்ணாடிக்குப் பின்னால் பணத்தை இரண்டு தரம் எண்ணி, ரசீது கொடுத்தார். பிறகு கணினியைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னொண்ணு இருக்கேம்மா."

"இன்னும் என்ன சார் பாக்கி? எல்லாம் கட்டியாச்சே?"

"பணம் இல்ல. உங்க பேர்ல கஷ்டம் ஒண்ணு நிலுவையில இருக்கு." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். நான்காவது முகம் இருந்தது. "கஷ்டம்னு சொல்லிட்டு ஆதாரம் தரல பாருங்க. மகிழ்ச்சி இல்லாத மாணவருக்கு மனநலப் பிரிவு சரிபார்த்த பிறகுதான் சான்றிதழ். புதுச் சுற்றறிக்கை."

"அப்ப இப்பவே மாத்திடுங்க சார். நல்லா இருக்கேன்னு போட்டுடுங்க. நான் சந்தோஷமாத்தான் இருக்கேன்."

"நான் மாத்த முடியாதும்மா. அடுத்த ஆய்வு ஒண்ணாந் தேதி வரும். அப்ப நீங்களே மாத்திக்கலாம்."

"முப்பதாம் தேதிக்குள்ள வேணும் சார்."

"மூணு நாள்தானே, பொறுத்துக்குங்க" என்றவர், மேஜைக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். "இந்தாங்க, உங்க மையத்துல மத்த ஏழு பேரோட மதிப்பெண் பட்டியல். ஒரே முகவரிதானே, கையோட வாங்கிட்டுப் போயிடுங்க. அவங்க பேர்ல எந்தப் பிரச்சினையும் இல்ல. நல்ல பிள்ளைங்க."

கட்டின் மேல் மாபெரும் ஆய்வின் அச்சிட்ட அறிக்கையும் இருந்தது. அட்டையில் கரடி சிரித்தது. உள்ளே துணைவேந்தரின் உரை. 'நமது பல்கலைக்கழகத்தின் பிற மையங்களில் மகிழ்ச்சி முப்பத்தொரு சதவீதம்தான். ஒரு பழைய வேனில் இயங்கிய மையத்திலோ எண்பத்தேழரை சதவீதம்! கட்டடமும் விடுதியும் நூலகமும் இருந்தால்தான் கல்வி என்ற மாயையை அந்த ஏழு இளைஞர்கள் உடைத்துவிட்டனர். எட்டு மாதமும் அவர்கள் ஒருமுறைகூடக் குறை சொன்னதில்லை. ஒத்துழைக்காத ஒரேயொரு மாணவியும் தம் சக மாணவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வார் என்று நம்புகிறேன்.'

மறுநாள் காலை அப்பா சோப்புத் தண்ணீரும் பிளேடுமாக வேனில் ஏறினார். வாத்து, தவளை, குரங்கு, சிங்கம் என்று ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு வந்தவர் கரடியிடம் நின்றார். தசமம் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"இவன் எவ்வளவு வாங்கினான்?"

"எண்பத்தொண்ணு புள்ளி அஞ்சு."

"அது நீ வாங்கினதுதானே?"

"ஆமாப்பா."

அப்பா பிளேடைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டார். பிறகு கரடியை ஓரம் கிழியாமல் மெதுவாக உரித்து அவளிடம் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு முயலைச் சுரண்டப் போனார்.

முப்பதாம் தேதி வேன் போயிற்று. அன்று மாலை ஐந்து மணி ஒரு நிமிஷத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் மிகவும் வருந்தி ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. குறித்த தேதிக்குள் பட்டியல் வராததால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

டிசம்பர் ஒன்றாம் தேதி காலை படிவம் வந்தது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அதே ஐந்து முகங்கள். தசமம் இந்தத் தடவை நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று தேடவில்லை. முதல் முகத்தைத் தொட்டாள். ஆதாரம் எதுவும் கேட்கவில்லை. நான்கே நிமிஷத்தில் மதிப்பெண் பட்டியல் வந்து சேர்ந்தது. அதன் பின்னாலேயே இருநூற்றுப் பதினேழாவது சுற்றறிக்கையும் வந்தது. வேன் மையத்தின் புள்ளிவிவரத்தைத் திருத்தியிருந்தார்கள்.

"என்னடி வந்திருக்கு?" என்று அம்மா மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"நூறு சதவீதம்மா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. நூறுதான்" என்றாள் தசமம். புள்ளிக்குப் பின்னால் எதுவுமே இல்லாமல் அவள் ஒரு எண்ணைச் சொல்லி அம்மா கேட்பது அதுதான் முதல் தடவை. அம்மா மெஷினை நிறுத்தினாள்.